பன்றிக்கு வைக்கும் கம்பியில் சாகும் சிறுத்தைகள்: மலையகத்தார் கொஞ்சம் பேசுவோமா?

மஸ்கெலியான் (இழையைத் தொடங்கியவர்)

ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கைச் சிறுத்தை தினம். 2021இல் அறிவித்தார்கள். அன்றைக்கு முகநூலைத் திறந்தால் யால தேசியப் பூங்காவின் பாறைகளில் காலைத் தொங்கப் போட்டுப் படுத்திருக்கும் சிறுத்தைகள்தான். அழகான படங்கள். எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிறுத்தைகள் கம்பியில் சிக்கிச் செத்துக்கொண்டிருப்பது ஜீப் ஓடும் யாலவில் அல்ல, நம்முடைய தேயிலை மலைகளில். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று செய்தியில் வரும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தோலுக்கும் பல்லுக்கும் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான். ஆனால் நம் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேள்விப்படுவது வேறு: மரக்கறித் தோட்டத்துக்குள் பன்றி வராமல் இருக்க வைத்த கம்பிச் சுருக்கு.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கியது. கழுத்தில் கம்பி. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. நாடே கண்ணீர் விட்டது, அது கறுப்பாக இருந்ததால். புள்ளி போட்டவை செத்தால் பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரி.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். சுருக்கு வைப்பவர் எங்கோ இருக்கும் கொள்ளைக்காரர் இல்லை, பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மனிதர். நமக்கு மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். அவரைத் திட்டாமல் அந்தக் கம்பியை எப்படிக் கீழே வைக்கச் செய்வது? தோட்டத்தில் இருப்பவர்கள் எழுதுங்கள். கொழும்பிலிருந்து அறிவுரை வேண்டாம்.

---

யாழ்நிலவன்

கொழும்பு வேண்டாம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சந்தேகம் கேட்கலாம்தானே?

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இலங்கைச் சிறுத்தையை 2020இல் 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற படியிலிருந்து 'பாதிக்கப்படக்கூடியது' என்ற படிக்கு மாற்றிவிட்டார்கள். நிலைமை தேறிவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம்? பிறகு ஏன் இத்தனை பதற்றம்?

---

மிருகவைத்தியன்

நிலவன், அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு காட்டில் குட்டிகள் பெருகிவிட்டன என்று எண்ண வேண்டாம். அதே மதிப்பீடு, வளர்ந்த சிறுத்தைகள் 800க்கும் குறைவு என்றும் சொல்கிறது. இந்தக் கிளையினம் நம் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. இந்தியாவில் ஒரு காட்டில் குறைந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து நடந்து வரும். இங்கே கடல். இன்னொன்று, இந்தத் தீவில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. காட்டின் மேல்படியில் இருப்பது சிறுத்தை ஒன்றுதான். அந்த இடத்துக்கு மாற்று ஆள் கிடையாது.

சுருக்கைப் பற்றி என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள், இல்லாவிட்டால் கிளட்ச் கேபிள். ஒரு முனையை மரத்திலோ முளைக்குச்சியிலோ கட்டி, மறுமுனையைக் கண்ணியாக்கிப் பன்றி நுழையும் தடத்தில், அதன் தலை உயரத்துக்குத் தொங்கவிடுவார்கள். சிறுத்தைக்கு உடம்பு நீளம், இடுப்பு ஒடுக்கம். தலையும் முன்னங்கால்களும் கண்ணியைத் தாண்டிவிடும். இடுப்பில் வந்து இறுகும். அதற்குப் பின்வாங்கத் தெரியாது, முன்னால்தான் பாயும். பாயப்பாயக் கம்பி உள்ளே போகும். நான் பார்த்த ஒன்றில் கேபிளின் இழைகள் பிரிந்து, தோலை அறுத்துத் தசைக்குள் புதைந்திருந்தன. விரலால் தடவினால் கம்பி தட்டுப்படவில்லை, அவ்வளவு ஆழம். சுற்றியிருந்த தேயிலைச் செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டினால் எழுந்து நடக்கும். கூட்டம் கைதட்டும், காணொளி பரவும். ஆனால் உள்ளே நசுங்கிய தசையிலிருந்து கழிவு இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது. சிலவற்றுக்குக் குடல் சிதைந்திருக்கும். 'மீட்கப்பட்டது' என்று செய்தி வந்த பிறகு செத்துப்போவது இதனால்தான்.

நேரமும் ஒரு காரணம். மயக்க ஊசியோடு வைத்தியர் ரந்தெனிகலவிலிருந்தோ உடவளவையிலிருந்தோ மலைப்பாதையில் வந்து சேர வேண்டும். அதற்குள் மேலேயும் கீழேயும் இருநூறு பேர் நின்று கூச்சலிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கூச்சலுக்கும் அது ஒருமுறை பாயும். அதனால் கண்டவுடன் செய்ய வேண்டியது வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது. அடுத்தது கூட்டத்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளுவது. மற்ற எதுவும் வேண்டாம்.

---

கொழுந்துக்கூடை

வைத்தியர் ஐயா சொன்னது வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை கத்த வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கும். தோட்டச் சம்பளத்தில் மாதம் ஓடாது. ஓட்டுவது லயத்துக்குப் பின்னால், கான் (வடிகால்) ஓரத்தில், காட்டை ஒட்டிய சரிவில் இருக்கும் அந்த ஒரு துண்டு மரக்கறித் தோட்டம்தான். போஞ்சி, லீக்ஸ், உருளைக்கிழங்கு. விதைக்கிழங்கைக் கடனுக்கு எடுத்திருப்பார்கள்.

பன்றி வந்த மறுநாள் காலை அந்தத் துண்டைப் பார்த்திருக்கிறீர்களா? பாத்தி என்ற ஒன்றே இருக்காது. கிழங்குகளைத் தின்று தீர்த்திருந்தால்கூட மனம் ஆறும். பாதி கடித்துத் துப்பியிருக்கும், மிச்சம் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும். மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நேரே மோட்டார் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனார். பழைய கேபிள் அங்கே சும்மா கிடைக்கும்.

வேலி போடலாமே என்பீர்கள். நிலம் எங்களுடையது இல்லை, கம்பனியுடையது. நாளைக்கு எடுத்துக்கொண்டால் வேலியும் போகும், போட்ட காசும் போகும். சொந்தமில்லாத மண்ணில் யார் கல் தூண் நடுவார்?

அவருக்குச் சிறுத்தை மீது பகை ஒன்றும் இல்லை. சிக்கினால் பொலிஸ் வரும், வழக்கு வரும் என்றும் தெரியும். அப்படியும் வைக்கிறார்.

---

பாமரன்77

தங்கச்சி சொல்வது சரி, ஆனால் முழுக்கதை இல்லை. எல்லோரும் பயிரைக் காக்கவா வைக்கிறார்கள்? பன்றி இறைச்சி கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பயிரே இல்லாத காட்டுக்குள் வரிசையாகச் சுருக்கு வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் 'ஏழை விவசாயி' கணக்கில் சேர்க்காதீர்கள்.

இத்தனை விவாதம் எதற்கு? மலையில் இருக்கும் சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து யாலவிலோ வில்பத்துவிலோ விட்டுவிட்டால் என்ன? எங்களுக்கும் நிம்மதி, அவற்றுக்கும் நிம்மதி.

---

மிருகவைத்தியன்

இந்த யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வரும், பாமரன். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் செய்தே பார்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு கரும்புத் தோட்டங்களில் இருந்த சிறுத்தைகளைக் கூட்டமாகப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. கொண்டுபோய் விட்ட இடங்களுக்குப் பக்கத்திலும் தாக்குதல் தொடங்கியது. வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

காரணம் எளிது. சிறுத்தைக்குத் தன் எல்லை தெரியும். எந்த லயத்தில் எப்போது ஆள் நடமாட்டம், எந்தப் பாதையில் போனால் யார் கண்ணிலும் படாது என்று அறிந்து வைத்திருக்கும். அதைப் பெயர்த்துக்கொண்டு போய் விட்டால் வழி தெரியாமல் அலையும், பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். காலியான இடத்துக்கு இன்னொரு இளம் சிறுத்தை வந்துவிடும், அதற்கு உங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாது. யாலவோ ஏற்கெனவே உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. புதியதை அங்கே இருப்பவை வரவேற்காது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சிறுத்தை நம் தோட்டத்துக்குள் வரவில்லை, நாம்தான் அதன் காட்டுக்குள் தோட்டம் போட்டோம். கோப்பிக்காக வெட்டத் தொடங்கி, கோப்பி நோய் விழுந்து அழிந்ததும் அதே மலைகளில் தேயிலை நட்டார்கள். மிஞ்சியவை மலையுச்சிகளும் ஓடைக்கரைகளும் இடையிடையே நிற்கும் காட்டுத் துண்டுகளும். சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து அவற்றுக்குப் போக இரவில் தேயிலை வழியாகத்தான் நடக்க வேண்டும். சுருக்கு இருப்பதும் அந்த வழியில்தான்.

---

வன்னிக்காடன்

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சிறுத்தை ஊருக்குள் வந்தது, பலரைக் காயப்படுத்தியது, கடைசியில் சனம் அடித்துக் கொன்றது. செத்த உடலோடு எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. கைது, நீதிமன்றம் எல்லாம் நடந்தது.

அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. படம் எடுத்துப் போட்டது அதைவிடக் கேவலம். ஆனால் அன்று எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியவர்கள், மயக்க ஊசித் துப்பாக்கி ஏன் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று ஒரு வரி கேட்டார்களா? காயத்தோடு ஆட்கள் கிடக்கும்போது பயந்த கூட்டத்திடம் நிதானத்தை எதிர்பார்க்கலாமா? விழிப்புணர்வு என்று பதாகை பிடிக்க வருகிறவர்கள் முதலில் மாவட்டத்துக்கு ஒரு மயக்க ஊசிக் குழு கேட்டுப் பதாகை பிடிக்கட்டும். நானும் வந்து ஒரு முனையைப் பிடிக்கிறேன்.

---

மட்டுநகரான்

ஒரு கிளைக்கதை, நிர்வாகி மன்னிக்கவும். எங்கள் பக்கம் புனானையில் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்களை அடித்துத் தின்ற ஒரு சிறுத்தை இருந்தது. குறைந்தது பன்னிரண்டு பேர். 1924இல் ஷெல்டன் ஏகர் என்ற ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார். பதப்படுத்திய உடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன வயதில் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்தபோது, இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றியது.

இலங்கைச் சிறுத்தை என்றால் இன்றைக்கும் அந்த ஒன்றைத்தான் கதையாகச் சொல்கிறோம். பாம்பும் யானையும் வருடா வருடம் எத்தனை பேரைக் கொல்கின்றன! யானையைக் கும்பிட்டுவிட்டுச் சிறுத்தையைக் கண்டால் கல்லை எடுக்கிறோம்.

---

வால்பாறைவாசி

அக்கரையிலிருந்து வணக்கம். நாங்களும் எஸ்டேட் ஆட்கள்தான். லைன் வீடு, கொழுந்து, அட்டை, மழை எல்லாம் உங்களைப் போலவே. ஒரே ஒரு வித்தியாசம் பெரியது: இங்கே சிறுத்தை பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறது. வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் உட்பட. அதனால் 'அது பாவம், ஒன்றும் செய்யாது' என்ற பேச்சை எங்கள் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. மிருகத்தைக் காக்கப் பேசுகிறவர் முதலில் பிள்ளையைக் காக்கும் வழியைப் பேச வேண்டும். இல்லையென்றால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

வால்பாறையைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். சிறுத்தை இல்லாத எஸ்டேட் என்று ஒன்று கிடையாது. இத்தனை ஆண்டில் நாங்கள் கற்றது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். இறைச்சிக் கடைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் நாயும் பன்றியும் கூடும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். வீட்டைச் சுற்றிப் புதர் இருந்தால் அதற்குப் பதுங்க இடம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்து விளக்கும் இல்லாவிட்டால், பொழுது சாய்ந்ததும் தனியாகப் போகிற பிள்ளைக்கு ஆபத்து. ஒரு பல்பும் ஒரு கதவும் செய்கிற வேலையைக் கூண்டு செய்யாது. இதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவதற்கு எங்களுக்கு ஆண்டுகள் ஆயின. எல்லா இடத்திலும் இன்னும் கிடைத்தபாடில்லை.

---

மஸ்கெலியான்

வால்பாறை அண்ணன் சொன்ன நாய் விஷயம் இங்கேயும் அப்படியே. எங்கள் லயத்தில் ஆளுக்கு இரண்டு நாய், எதற்கும் கூடு கிடையாது. நாயைத் தூக்கினால் 'சிறுத்தை ஊருக்குள் புகுந்துவிட்டது' என்று கூச்சல். நாயை இரவில் உள்ளே கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு வாதம் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. சிறுத்தைதான் பன்றிக்குட்டியைப் பிடித்துத் தின்கிறது. சிறுத்தை குறைந்தால் பன்றி கூடும். இதைச் சொன்னால் தோட்டத்து ஆட்கள் கேட்கமாட்டார்களா?

---

கொழுந்துக்கூடை

கேட்கமாட்டார்கள் அண்ணா. கிழங்கு போனவரிடம் போய் 'சிறுத்தை உங்கள் நண்பன்' என்று சொல்லிப் பாருங்கள். 'அப்படியானால் நேற்று ராத்திரி உங்கள் நண்பன் எங்கே போயிருந்தான்?' என்பார்.

எங்கள் பிரிவில் நடந்ததை எழுதுகிறேன். பெரிய வெற்றிக்கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு ஆளுக்கொரு மூலையில் துண்டு துண்டாகப் பயிர் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கமும் காவல், அதாவது நான்கு பக்கமும் சுருக்கு. பிறகு சில குடும்பங்கள் சேர்ந்து லயத்துக்குக் கிட்ட ஒரே இடத்தில் பயிர் வைத்தார்கள். சுற்றிப் பழைய தகரத்தையும் வலையையும் சேர்த்து ஒரே வேலி. இரவில் முறை வைத்துப் பெட்ரோமாக்ஸோடு காவல். தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஒன்றும் தரவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. இளைஞர் கழகத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டோரமாக நடந்து பழைய சுருக்குகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். வைத்தவரே மறந்துபோன சுருக்குகள்தான் அதிகம். துருப்பிடித்தும் இறுகும்.

பன்றி இப்போதும் வருகிறது. போன மாதம் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு நுழைந்துவிட்டது. இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டு பழையபடி கேபிள் வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை. இதுதான் நிலவரம்.

---

பாமரன்77

வேலியில் மின்சாரம் கொடுத்தால் பன்றி கிட்டவே வராது.

---

மிருகவைத்தியன்

வீட்டு லைனிலிருந்து கம்பி இழுப்பதைச் சொல்கிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம். அது சட்டவிரோதம். பன்றிக்கு முன்னால் மனிதர் சாவார். அதிகாலையில் கக்கூசுக்குப் போன ஆள் அடிபட்டுச் செத்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். யானைகளும் இப்படித்தான் சாகின்றன. விட்டு விட்டுத் துடிக்கும் குறைந்த சக்தி வேலி வேறு. அதற்கென்று கருவி உண்டு, அனுமதி உண்டு, பராமரிப்பு உண்டு.

---

நிர்வாகி

ஓர் அறிவிப்பு. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் தேயிலைச் செடிக்கு அடியில் இரண்டு சிறுத்தைக் குட்டிகள் இருக்கும் படத்தைத் தோட்டப் பெயர், மலை (தேயிலைப் பகுதி) இலக்கத்தோடு பதிந்திருந்தார். நீக்கிவிட்டேன். ஆர்வத்தில் செய்திருப்பார், கோபம் இல்லை. ஆனால் இடத்தைச் சொல்வது வேட்டைக்காரருக்கு வழி காட்டுவது. வைத்தியர் இது பற்றி இரண்டு வரி எழுதினால் நல்லது.

---

மிருகவைத்தியன்

கவ்வாத்து வெட்டும்போதும் (தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும்போது) கொழுந்து எடுக்கும்போதும் இப்படிக் குட்டிகள் கண்ணில் படும். தாய் கைவிட்டுப் போனது என்று எண்ணித் தூக்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் இரைக்குப் போயிருக்கும் அல்லது ஆட்களைக் கண்டு பக்கத்திலேயே ஒதுங்கியிருக்கும். செய்ய வேண்டியது, தொடாமல் பின்வாங்கி, அந்த மலையில் அன்றைய வேலையை நிறுத்திவிடுவது. பெரும்பாலும் இரவில் தாய் வந்து வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். வேலையை நிறுத்தினால் அன்றைய பெயர் விழுமா, அதாவது நாள் கணக்கில் சேருமா என்று தொழிலாளர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. அந்த நாளுக்குச் சம்பளத்தை வெட்டாமல் இருக்கும்படி தோட்டத் துரைமாரிடம் நாங்கள் பேசுவதுண்டு. சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

---

யாழ்நிலவன்

சந்தேகம் கேட்டவன் என்ற முறையில் ஒரு யோசனை. எங்களைப் போல் தூரத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 1இல் படம் பகிர்வதற்குப் பதிலாக, கொழுந்துக்கூடை அக்கா சொன்ன மாதிரி ஒரு வேலிக்கு வலை வாங்கித் தந்தால் என்ன? ஒரு தோட்டம், ஒரு வேலி. முதலில் அதை மட்டும் பார்ப்போம்.

---

வன்னிக்காடன்

நான் சேர்கிறேன். ஆனால் பெயர் போட்ட பதாகை, ரிப்பன் வெட்டு, படம் எதுவும் கூடாது. அதோடு, பழைய கேபிளைக் கொண்டுவந்து கொடுக்கிற வீட்டுக்கே முதலில் வலை என்று வையுங்கள்.

---

பாமரன்77

கேபிளுக்கு வலை என்றால், மோட்டார் சைக்கிள் கடையில் சும்மா வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நானே நீட்டுவேன். வலையை வீட்டுக்கு வீடு கொடுக்காதீர்கள், சேர்ந்து பயிர் வைக்கிற குழுவுக்குக் கொடுங்கள். அதில் ஒருவர் சுருக்கு வைத்தாலும் மற்றவர்கள் கேட்பார்கள்.

---

கொழுந்துக்கூடை

பாமரன் அண்ணன் சொல்வதுதான் நடக்கிற காரியம். எங்கள் வேலி ஏறத்தாழ அரை ஏக்கரைச் சுற்றி வருகிறது. கீழ்ப்பக்கம் முழுவதும் தகரம் உக்கிவிட்டது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் வலை போதும். தூணுக்குச் சவுக்கு மரம் தோட்டத்திலேயே கேட்டுப் பார்க்கிறேன், எழுத்தில் அனுமதி வாங்குவதற்கும் இதுவே சாக்கு. ஹட்டன் கடைகளில் வலைச் சுருள் விலையை யாராவது விசாரித்துச் சொல்கிறீர்களா? பள்ளி விடுமுறைக்கு முன் தெரிந்தால் நல்லது, அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு அப்போதுதான் எடுப்பார்கள்.

---

மஸ்கெலியான்

நாளைக்கு ஹட்டன் போகிறேன். விலையைக் கேட்டு இங்கேயே போடுகிறேன்.